ஒரே வரியில் பதில்

செப்டம்பர் 9, திங்கள்

புது பேட்ச். எல்லாம் பெண்கள். பெரும்பாலும் பிளஸ் டூ.

பருத்தியும் சோளமும் போட்ட நிலத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி வந்துவிட்டது. அதற்கு ஆள் தயார் செய்வது எங்கள் மையத்தின் வேலை. மையம் முன்பு கல்யாண மண்டபம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒயர் பயிற்சி. மணமேடையில் என் மேசை. அதன் பின்னால் உட்கார்ந்து கம்பெனி அதிகாரியாக நடிப்பேன். எதிரே ஒருத்தி வந்து உட்காருவாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பேன். அழுவாள், அல்லது சிரிப்பாள். மூன்று மாதத்தில் இரண்டையும் நிறுத்த வேண்டும். இதற்குத்தான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம்.

போர்டில் ஒரு விதி எழுதினேன். கேட்டதற்கு ஒரே வரியில் பதில். காரணம் சொல்லாதே. காரணம் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.

மாலை, வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறையில் அம்மாவுடன் வெங்காயம் பொறுக்கினேன். அழுகியது ஒரு கூடை. சோப்புப் போட்டும் கையில் வாசம் போகவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஜெனிட்டா என்று ஒருத்தி. கிழக்கே, மாதா கோவில் பக்கத்துத் தெருவாம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் வெங்காயம். இன்று அவள் முறை. மேடை ஏறி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரலாமா மிஸ்? இல்ல, மால போட்டுட்டுத்தான் உக்காரணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற ஜெயசீலன் சாரும் சிரித்தார். மையத்தின் தலைவர். ஒன்றரை வருடமாக என் வகுப்பை எட்டிப் பார்க்கிறார். அவருக்கு முன்பல்லில் ஒரு இடைவெளி இருப்பது இன்றுதான் தெரிந்தது.

நேர்காணலில் நகைச்சுவை ஆபத்து என்று அவளிடம் சொன்னேன். சொல்ல வேண்டியது என் கடமை.

செப்டம்பர் 18, புதன்

மழை. பஸ் இல்லை. நடந்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

ஒவ்வொருத்திக்கும் ஒரு அறிமுகம் எழுதித் தருகிறேன். ஜெனிட்டாவுக்கு என்னிடமே இருந்த ஒரு வரியைக் கொடுத்தேன். "எங்கள் ஊர் எனக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தது." சென்னையில் நான் போன நேர்காணல்களுக்காக எழுதிய வரி. ஐந்து கம்பெனி. ஒன்றில்கூட அந்த வரி வரைக்கும் என்னைப் பேச விடவில்லை.

அவள் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"மிஸ், இது பொய்யி. எங்க ஊரு என்னைக்குப் பொறுமையா இருந்துச்சு? மழ வர்றதுக்குள்ள வெங்காயத்த உள்ள போட்டாவணும். எங்கப்பாரு சோத்துக் கையோட ஓடுவாரு. எங்க ஊரு அவசரத்ததான் சொல்லிக் குடுத்துச்சு."

ஜெயசீலன் சார் அங்கே இருந்தார். இப்போதெல்லாம் அடிக்கடி இருக்கிறார். "ஏ புள்ள, அதையே சொல்லு. அப்படியே சொல்லு. மிஸ், இதையே இங்கிலீஷ்ல போட்டுக் குடுத்துருங்க."

போட்டுக் கொடுத்தேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது முறை அது அவளுடையதாகிவிட்டது. ஆங்கிலத்தில் என் உச்சரிப்பு சரியாக இருக்கும். அவளுடையது சரியில்லை. ஆனால் அவள் பேசும்போது யாரும் உச்சரிப்பைக் கேட்பதில்லை.

களைப்பாக இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 7, திங்கள்

பக்கத்து வீட்டு மல்லிகாக்கா புது ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கிறார். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

"வயிறு எரியுதாம்மா?" என்றேன்.

"எனக்கென்னடி எரியுது? நல்லா இருக்கட்டும். அந்தக் கதவுதான் கொஞ்சம் கோணலா இருக்கு."

அம்மா தன்னை அறியாதவள்.

அக்டோபர் 15, செவ்வாய்

இரண்டு செய்தி. ஒன்று, எங்கள் திட்டம் டிசம்பரோடு முடிகிறது. ஜனவரியில் எனக்குச் சம்பளம் கிடையாது. இரண்டு, கம்பெனி நவம்பரில் மையத்துக்கே வந்து ஆள் எடுக்கிறது. எல்லோரையும் ஒயர் கட்டும் லைனுக்கு எடுப்பார்கள். ஒரே ஒருவரை மட்டும் லைன் டிரெய்னராக எடுத்து ஆறு மாதம் வியட்நாம் அனுப்புவார்கள். அங்கே கற்றுக்கொண்டு வந்து இங்கே மற்றவர்களுக்குக் கற்றுத் தர வேண்டும். பிளஸ் டூ போதும். பேச்சு நன்றாக இருக்க வேண்டும்.

நானும் விண்ணப்பிக்கலாமா என்று சாரிடம் கேட்டேன்.

"தாராளமா குடுங்க. யார் வேணாம்னா?" என்றார். பிறகு டீயை உறிஞ்சிக்கொண்டே, "ஆனா அந்த ஜெனிட்டா புள்ளதான் போவும்னு தோணுது. நீங்க செஞ்ச புள்ளதானே, மிஸ். உங்களுக்குத்தான் பெருமை."

நான் செஞ்ச புள்ள.

அக்டோபர் 16, புதன்

வியட்நாம் பற்றிப் படித்தேன். வடக்கில் குளிர் உண்டு. என்னிடம் ஸ்வெட்டர் இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

மதியம் ஜெனிட்டா என் மேசைக்கு வந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினாள். கருவாட்டுத் தொக்கு. நன்றாக இருந்தது. அதையும் அவளே செய்தாளாம்.

"நாளான்னிக்கு லீவு வேணும் மிஸ். நிச்சயம்."

"யாருக்கு?"

"வேற யாருக்கு? எனக்குத்தான். மாமா மவன். மண்டில தரகு பாக்குறாரு. தையில கல்யாணம்ங்குறாங்க."

"உனக்குச் சம்மதமா?"

தொக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆளு மோசமில்ல. ஆனா இப்ப வேணாம் மிஸ். அப்பாட்ட சண்ட போட்டேன். வேல கெடச்சா ரெண்டு வருசம் தள்ளிப் போட்டுக்கலாம்னு ஒத்துக்கிட்டாரு. கெடைக்கலன்னா தையிலயே. அதுக்குத்தான் இம்புட்டுப் பாடு."

"கிடைக்கும்" என்றேன்.

"நீங்க இருக்கீங்கல்ல மிஸ்" என்றாள்.

அக்டோபர் 24, வியாழன்

பெண்களுக்கான தனி வகுப்பு. ஒவ்வொரு பேட்சிலும் இதைச் சொல்லித் தருகிறேன். கம்பெனியின் சுற்றறிக்கையில் இந்தக் கேள்வி வராது, ஆனால் கட்டாயம் கேட்பார்கள். கல்யாணம் எப்போது? கல்யாணம் நெருங்கியவளை எடுக்க மாட்டார்கள். சொல்லிக் கொடுத்து முடிப்பதற்குள் போய்விடுவாளாம்.

பதில்: "மூன்று வருடத்துக்குக் கல்யாண யோசனை இல்லை மேடம்." கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது. உடனே சொல்ல வேண்டும்.

வரிசையாக வந்து சொன்னார்கள். நித்யஸ்ரீ கேட்டாள், "மிஸ், பொய் சொல்றது தப்பில்லையா?" அவர்கள் கேட்பதுதான் தப்பு என்றேன். தப்பான கேள்விக்குச் சரியான பதில் கிடையாது. கைதட்டினார்கள். எனக்கே பிடித்திருந்தது.

ஜெனிட்டா வரவில்லை. நிச்சயம்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிரசம் கல்லாகிவிட்டது. அப்பா ஊறவைத்துத் தின்றார்.

நவம்பர் 15, வெள்ளி

இன்று மாதிரி நேர்காணலில் சார் என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதிரே. எனக்கும் பயிற்சி வேண்டுமே. "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார். ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் அவர் கண் வாசலுக்குப் போனது. அங்கே ஜெனிட்டா ஒயர் சுருளைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நித்யஸ்ரீயிடம் ஏதோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"சாரி மிஸ். சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.

நவம்பர் 18, திங்கள்

நாளை நேர்காணல். வகுப்பு முடிந்ததும் ஜெனிட்டா காத்திருந்தாள்.

"மிஸ், கல்யாணத்தப் பத்திக் கேப்பாங்களாம்ல? நித்யா சொன்னா. மூணு வருசத்துக்கு இல்லன்னு சொல்லணுமாம். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாம். நானும் அதையே சொல்லிரவா?"

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன்.

பொய் அவளுக்கு வராது. அவளுடைய பலமே உண்மையாகப் பேசுவதுதான். பொறுமை பற்றிய என் வரியை அவள் ஏன் மறுத்தாள்? பொய் என்பதால். அப்படிப்பட்டவள் மேடை ஏறிப் பொய் சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியர் என்ற முறையில் இதை நான் எடைபோட வேண்டியிருந்தது. மற்ற பெண்களுக்கு மறைத்துக்கொள்ள ஏதாவது வேண்டும். இவளுக்கு வேண்டாம்.

"அது அவங்களுக்கு" என்றேன். "உனக்கு அதெல்லாம் தேவையில்ல ஜெனி. நீ நிஜத்தையே சொல்லு. உன்ன மாதிரி ஆளு நிஜம் சொன்னாத்தான் எடுபடும்."

முகம் மலர்ந்தது. "நெசமாவா மிஸ்? எனக்கும் அதுதான் நல்லாருக்கும்னு தோணுச்சு. அப்ப, வேல கெடச்சா தள்ளிப் போட்டுருவோம்னு அப்பா சொன்னதையும் சொல்லிர்றேன்."

"அது வேணாம். விதி என்ன?"

"ஒரே வரில பதில்."

"காரணம் சொன்னா?"

"சாக்கு மாதிரி இருக்கும்."

"அவ்வளவுதான்."

பஸ் ஏறும் முன் திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள். "மிஸ், வியட்நாமுக்கு நீங்க போனாலும் எனக்குச் சந்தோசந்தான். நெசமா." அவள் கை சூடாக இருந்தது.

இப்படி ஒருத்தியால் எப்படிச் சொல்ல முடிகிறது? என்னால் முடியாது. இதை ஒரு தகவலாக மட்டும் குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும்.

மணமேடையில் என் மேசைக்குப் பின்னால் மூன்று நாற்காலி. நடுவில் ஹெச்.ஆர். அனுராதா மேடம். ஒரு பக்கம் உற்பத்திப் பிரிவுக்காரர். மூன்றாவது ஆள் போன் பேச வெளியே போயிருந்தார். அப்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

படி ஏறினேன். மேசையைச் சுற்றிப் போனேன். காலியாக இருந்த மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தேன். எதிரே யாரும் இல்லையே என்று பார்த்தேன்.

ஒன்றரை வருடம். கால்கள் தாமாகப் போயிருக்கின்றன.

உற்பத்திப் பிரிவுக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். "நல்ல இடமா பாத்து உக்காந்துட்டீங்க." மேடம் சிரிக்கவில்லை. "பரவாயில்லை, அங்கிருந்தே சொல்லுங்கள்" என்றார். அது இன்னும் மோசம். பக்கவாட்டில் திரும்பி என்னைப் பற்றிச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பொறுமை என்ற சொல் வந்தது.

எனக்குப் பிறகு ஜெனிட்டா. கதவு மூடியிருந்தது. முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மேடத்தின் சிரிப்பும். பிறகு அமைதி. பிறகு கதவு திறந்தது.

"கேட்டாங்க மிஸ். தையில கல்யாணம்னு சொன்னேன். ஒரே வரி."

"என்ன சொன்னாங்க?"

"மேடம் பேனாவ மூடி வச்சுட்டாங்க." பிறகு என்னைத் தேற்றுகிற மாதிரி, "அது நல்லதுக்காகவும் இருக்கலாம்ல?" என்றாள்.

இருக்கலாம் என்றேன்.

நவம்பர் 27, புதன்

வியட்நாமுக்கு ஓசூர் கிளையிலிருந்து ஒருவன் போகிறான். ஏற்கெனவே கம்பெனியில் இருப்பவன். இந்த மண்டபத்தின் படியைக்கூட அவன் மிதித்ததில்லை.

லைனுக்கு எல்லோரையும் எடுத்துவிட்டார்கள். ஜெனிட்டாவைத் தவிர.

லைன் வேலையும் போகும் என்று நான் நினைக்கவில்லை. டிரெய்னர் வேலை மட்டும்தான் போகும் என்று

வரியை முடிக்காமல் விட்டிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் 28, வியாழன்

சார் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் புள்ள எதுக்கு அப்படிச் சொல்லுச்சு? நீங்க சொல்லிக் குடுக்கலியா?"

"அந்த வகுப்புக்கு அவ வரல சார்" என்றேன். உண்மை. ஒரே வரி.

டிசம்பர் 6, வெள்ளி

அனுராதா மேடம் போன் செய்தார். கம்பெனி வாசலிலேயே வாராவாரம் ஆள் எடுக்கப்போகிறார்களாம். நேர்காணல் செய்ய உள்ளூர் ஆள் தேவை. "அன்று உட்கார்ந்தீர்களே, அந்த இடத்திலேயே உட்காருங்கள்" என்றார். இந்த முறை சிரித்தார்.

அம்மா கேசரி செய்தாள். மல்லிகாக்காவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். பெரிய கிண்ணம்.

டிசம்பர் 20, வெள்ளி

மையத்தில் கடைசி நாள். மேசையை அன்பளிப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். ஜெனிட்டா வரவில்லை. மற்ற எல்லோரும் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நித்யஸ்ரீ மட்டும் என் பக்கத்தில் நிற்காமல் ஓரத்தில் நின்றாள்.

ஜனவரி 5, ஞாயிறு

மார்க்கெட்டில் நித்யஸ்ரீ. இப்போது லைனில் இருக்கிறாள். கை விரலில் பிளாஸ்திரி.

"ஜெனி எப்படி இருக்கா?"

"இன்னைக்குக் கோவில்ல ஓலை வாசிச்சாச்சு மிஸ். மொத ஓலை."

அவர்கள் வழக்கம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி அறிவிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று.

"யாராவது எதாவது தெரிவிப்பாங்களா?" என்றேன்.

நித்யஸ்ரீ என்னைப் பார்த்தாள். "தெரிஞ்சவங்க கோவிலுக்கு வர்றதில்லையே, மிஸ்."

அரைக் கிலோ கத்தரிக்காய், முருங்கை வாங்கினேன்.

ஜனவரி 10, வெள்ளி

கம்பெனி வாசலில் ஒரு கண்ணாடி அறை. குளிர் சாதனம் அதிகம். வியட்நாமுக்கு வேண்டாத ஸ்வெட்டர் இங்கே வேண்டியிருக்கிறது. மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பெயர், ஊர், படிப்பு, கல்யாணம்.

பதினோரு மணி வாக்கில் கதவைத் தள்ளிக்கொண்டு ஜெனிட்டா வந்தாள். புதுப் புடவை இல்லை, பழைய மஞ்சள் சுடிதார். விரலில் மோதிரம் இல்லை. மோதிரம் இருந்த இடம் வெளுத்திருந்தது. மேடம் நிமிரவில்லை. ஒரு நாளில் எத்தனை முகம் பார்க்கிறார், நினைவிருக்காது.

ஜெனிட்டா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நேராக உட்கார்ந்தாள்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றேன்.

சொன்னாள். எங்கள் ஊர் எனக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தது என்றாள். என் வரி. நான் எழுதியபடியே. ஒரு சொல் மாறவில்லை.

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். கேட்காமல் விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மேடத்தின் விரல் போனில் நின்றது. கேட்டேன்.

"கல்யாணம்?"

கண்ணைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. உடனே சொன்னாள்.

"மூணு வருசத்துக்குக் கல்யாண யோசனை இல்ல மேடம்."

மேடம் என்றாள். மிஸ் என்று சொல்லவில்லை.

முகம் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒருத்திகூட இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. நானே சொன்னதில்லை. முதலில் எனக்கு வந்தது குற்ற உணர்ச்சி இல்லை. இவளுக்கு இதுவும் வருகிறதே என்பதுதான்.

பேனா திறந்தே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓலை எனக்குத் தெரியும். மேடத்திடம் ஒரே வரி சொன்னால் போதும்.

"எடுத்துக்கலாமா?" என்றார் மேடம், போனைப் பார்த்தபடி.

"எடுத்துக்கலாம்" என்றேன்.

ஜெனிட்டா எழுந்தாள். போகும்போது என் பக்கம் குனிந்து, மேடத்துக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததுதானே. எனக்கு மட்டும் லேட்டா வந்துச்சு."

கதவு தானாக மூடிக்கொள்ளும் வகை. மெதுவாக மூடியது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அப்பா வெங்காயத்தை விற்றுவிட்டார். பட்டறை காலி. அம்மா உள்ளே போய்க் கூட்டினாள்.

ஜனவரி 19, ஞாயிறு

மூன்றாவது ஓலை வாசிக்கவில்லையாம். ஜெனியின் அப்பா வார்த்தை தவறவில்லை. மல்லிகாக்கா சொன்னார். ஊர் முழுக்கப் பேச்சு. பொண்ணு வேலைக்குப் போவுதாம், மண்டிக்காரன் மூஞ்சி தொங்கிப் போச்சாம்.

நல்லது என்று நினைத்தேன். நல்லது என்றே எழுதுகிறேன். பதிலுக்கு அவளிடமிருந்து ஏதாவது வரும் என்று ஏனோ நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

அவளுக்கு முதல் நாள். மூன்றாவது லைன். மதியம் கையெழுத்து வாங்க அந்தப் பக்கம் போனேன். கண்ணாடிக்கு அந்தப்புறம் நீலத் தொப்பி, நீலக் கோட்டு. எல்லோரும் ஒரே மாதிரி. ஆனாலும் தெரிந்தது. பலகை முன் நின்று ஒயர்களை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவசரமாக, அழகாக.

பக்கத்தில் நித்யஸ்ரீ. ஜெனிட்டா அவள் காதருகே ஏதோ சொன்னாள். இருவரும் தோளைக் குலுக்கிச் சிரித்தார்கள். அந்த வழியாகப் போன சூப்பர்வைசரும் நின்று சிரித்தார்.

தடிமனான கண்ணாடி. சத்தம் வரவில்லை.

என்னைப் பற்றி இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எது என்றால் தாங்க முடியும் என்று தெரியவில்லை.

நாளை லைன் மாற்றம் பற்றி மேடத்திடம் பேச வேண்டும். மூன்றாவது லைனில் பேச்சு அதிகம். இரண்டு பேரையும் பிரித்துப் போட்டால் வேலைக்கு நல்லது.

காரணம் கேட்டால் ஒரே வரியில் சொல்லலாம்.